திறமைக்குச் சான்று யார்?

"அவர் நல்ல கொத்தனார்", "அந்த அம்மாவுக்கு நல்ல கைப்பக்குவம்", "தச்சு வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை" என்று நாம் அன்றாடம் பேசுகிறோம். இப்படிப் பேசும்போது ஒரு மனிதரைப் பற்றிப் பெரியதொரு தீர்ப்பை வழங்குகிறோம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருவருடைய உயரத்தையோ வயதையோ சொல்வது வேறு. அவருக்கு ஒரு வேலை தெரியும் என்று சொல்வது வேறு. உயரத்தை அளவுகோல் காட்டும். வயதைப் பிறப்புச் சான்றிதழ் காட்டும். திறமையைக் காட்டுவது எது? உறங்கிக் கொண்டிருக்கும் தச்சரும் தச்சரே. ஆனால் அவருக்கு அருகில் உறங்கும் மற்றவரிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டும் அடையாளம் எதையும் அந்நேரத்தில் அவர் உடலில் காண இயலாது.

சிற்றூர்களில் இத்தீர்ப்பு வாய்மொழியாகவே வழங்கி வந்தது. அதைச் சொல்பவர் யார், எதைக் கண்டு சொல்கிறார் என்பதும் கேட்பவருக்குத் தெரியும். "எங்கள் வீட்டுக் கூரையை அவர்தான் வேய்ந்தார், மூன்று மழைக்காலமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை" என்று ஒருவர் சொன்னால், தீர்ப்போடு அதற்கான சான்றும் சேர்ந்தே வந்துவிடுகிறது. இன்று அத்தீர்ப்பு கணினித் தரவுகளாக மாறி வருகிறது. முன்பின் அறியாதவர்கள் எழுத, முன்பின் அறியாதவர்கள் படிக்கிறார்கள். ஆகவே, ஒருவருடைய திறமையைப் பொது ஏட்டில் எழுதுவது எத்தகைய செயல், அதற்குரிய அறம் யாது என்ற வினா நம்முன் நிற்கிறது.

எழுதப்படும் மனிதர்

இவ்வினாவை ஆராய்வதற்கு விக்கித்தரவு என்னும் திறந்த அறிவுத் தொகுப்பு ஏற்ற எடுத்துக்காட்டாகும். விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான இது, விக்கிமீடியா இயக்கத்தின் செருமானியக் கிளையின் முயற்சியால் 2012 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இதில் கட்டுரைகள் இல்லை. ஊர், ஆறு, நூல், நோய், மனிதர் என ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும், அதைப் பற்றிய சிறு சிறு கூற்றுகளும் மட்டுமே உண்டு. 'இவர், தொழில், கணிதவியலாளர்' என்பது போல் ஒவ்வொரு கூற்றும் மூன்று உறுப்புகளால் ஆனது. இவ்வாறு எண்ணிடப்பட்டவை இன்று பத்துக் கோடியைத் தாண்டிவிட்டன. மனிதர் என்னும் கருத்துக்கு அங்கே அளிக்கப்பட்டுள்ள எண் 5. இத்தொகுப்பில் எவரும் எழுதலாம், திருத்தலாம். இதில் உள்ளவற்றை எவரும் எந்த நோக்கத்திற்கும் அனுமதி கேளாமலே எடுத்துக் கொள்ளலாம்.

மனிதரின் திறமைகளை எழுத அங்கே சில கட்டங்கள் உள்ளன. தொழில், பணித்துறை, அறிந்த மொழிகள், வாசிக்கும் இசைக்கருவி, கல்வி, பெற்ற விருது என்பன அவை. ஆயினும், தொழில் என்பது ஒருவர் எதைச் செய்தார் என்பதைச் சொல்லுமேயன்றி, அதை எவ்வளவு தேர்ச்சியுடன் செய்தார் என்பதைச் சொல்லாது. 1912ஆம் ஆண்டில் இத்தகைய ஏடு ஒன்று இருந்திருக்குமானால், சீனிவாச இராமானுஜனைப் பற்றி அது என்ன சொல்லியிருக்கும்? தொழில்: எழுத்தர், சென்னைத் துறைமுகக் கழகம். கல்வி: கல்லூரித் தேர்வில் தேறாதவர். இவ்விரண்டில் ஒன்றும் பொய்யன்று. ஆனால் இவ்விரண்டையும் படித்து இராமானுஜனை அறிந்தவர் எவரும் இருந்திருக்க மாட்டார். 1913 சனவரியில் அவர் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு அனுப்பிய மடலில் தம் தேற்றங்களை எழுதியிருந்தார். அவற்றைப் படித்துப் பார்த்த ஹார்டி சான்று பகர்ந்த பின்னரே 'கணிதவியலாளர்' என்ற சொல் உலகறிய அவர்மீது நின்றது.

திறன்களை மட்டும் பட்டியலிடும் முயற்சிகளும் உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2017இல் முழுமையாக வெளியிட்ட வகைப்பாட்டில் ஏறத்தாழ 3,000 தொழில்களும் 13,000க்கும் மேற்பட்ட திறன்களும் அறிவுகளும் இடம்பெற்றுள்ளன. பட்டியல் எத்துணை நீண்டாலும் ஒரு கேள்வி எஞ்சியே நிற்கிறது. இந்தத் திறன் இந்த மனிதரிடம் உண்டு என்று இணைத்து எழுதுபவர் எதைக் கொண்டு எழுதுகிறார்?

தெரிதலும் செய்தலும்

ஒரு செய்தியை அறிவதும் ஒரு செயலைச் செய்ய அறிவதும் ஒன்றல்ல என்பதை ஆங்கில மெய்யியலாளர் கில்பர்ட் ரைல் 1949இல் வெளியிட்ட மனத்தைப் பற்றிய தம் நூலில் விரிவாக எடுத்துரைத்தார். வேதியியல் அறிஞராக இருந்து மெய்யியலுக்கு வந்த மைக்கேல் போலான்யி, மனிதர் சொல்லக்கூடியதைவிட அவர் அறிந்திருப்பது எப்போதும் மிகுதி என்ற கருத்தை முன்வைத்தார்.

இதை நம் அடுக்களையே மெய்ப்பிக்கும். அதிரசத்திற்குப் பாகு வைக்கும் பெண்மணியிடம் பதம் எது என்று கேளுங்கள். தண்ணீரில் ஒரு துளி விட்டால் உருட்ட வரவேண்டும் என்பார். அதைக் குறித்துக் கொண்டு போய்ச் செய்து பாருங்கள். ஒருநாள் பாகு முறுகிவிடும்; மறுநாள் எண்ணெயில் அதிரசம் பிரிந்து போகும். அவர் எதையும் மறைக்கவில்லை. அவர் விரல் நுனி அறிந்ததை அவருடைய சொல் முழுவதும் சுமக்கவில்லை. 'கைப்பக்குவம்' என்றும் 'கை பழகியவர்' என்றும் தமிழில் நாம் சொல்வது காரணத்தோடுதான்.

குருமடத்தில் நாங்கள் பயின்ற புனித அக்குவினா தோமாவின் மெய்யியலில் இதற்கு ஆழமான ஒரு விளக்கம் உண்டு. திறன் என்பது மனிதரிடம் நிலைபெற்றுவிட்ட ஒரு பண்பு. அது மீண்டும் மீண்டும் செய்யும் செயல்களால் உருவாகிறது. செயல்களின் வழியாகவே அறியப்படுகிறது. உள்ளே இருக்கும் பண்பை நாம் நேரடியாகப் பார்ப்பதில்லை. செய்த செயலைக் கண்டு, செய்தவரிடம் அப்பண்பு உண்டு என்று முடிவு செய்கிறோம்.

இதிலிருந்து ஒரு தெளிவு பிறக்கிறது. எந்தத் தரவுத்தளமும் ஒருவருடைய திறமையைத் தன்னுள் வைத்திருக்க இயலாது. அவருடைய திறமை செயலில் வெளிப்பட்டதைக் கண்டவர்களின் சாட்சியத்தை மட்டுமே அது வைத்திருக்க முடியும். அப்படியானால், திறமையைப் பதிவு செய்பவர் ஒரு பொருளை அளந்து எழுதுபவர் அல்லர். அவர் சாட்சி கூண்டில் நிற்பவர். சாட்சியத்துக்குரிய அறம் முழுவதும் அவரையும் கட்டுப்படுத்தும்.

ஆடைகள் சொன்ன சாட்சி

திருத்தூதர் பணிகள் நூலில் தபித்தா என்னும் பெண்மணியைப் பற்றி வாசிக்கிறோம். யாப்பா நகரில் அவர் இறந்து கிடந்தபோது, கைம்பெண்கள் அழுதுகொண்டே அவர் செய்து கொடுத்த ஆடைகளைப் பேதுருவிடம் காட்டினார்கள். தையலில் அவர் வல்லவர் என்று எந்தக் கழகமும் அவருக்குப் பட்டயம் அளித்திருக்கவில்லை. அவருடைய கைவேலையால் பயன்பெற்றவர்கள் சாட்சியாக நின்றார்கள். வேலைப்பாடே சான்றுப் பொருளாக இருந்தது. ஒரு திறமையைப் பற்றி இதைவிட நேர்மையான பதிவு இருக்க முடியுமா?

இக்கோணத்தில் நோக்கும்போது விக்கித்தரவின் அமைப்பில் பாராட்டத்தக்க கூறுகள் சில உண்டு. ஒரு கூற்றை எழுதும்போது, அதைச் சொன்னவர் யார், எங்கே சொன்னார் என்ற மேற்கோளையும் அதனுடன் இணைக்க அங்கே வழி செய்யப்பட்டுள்ளது. இரண்டு சான்றுகள் முரண்பட்டால் இரண்டையும் அருகருகே வைக்கலாம். தவறெனத் தெரிந்த கூற்றையும் முற்றிலும் அழித்துவிடாமல், ஏற்கத்தகாதது என்று குறியிட்டு வைக்கலாம். ஆகவே, 'இதுவே உண்மை' என்று முழங்குவதைவிட, 'இன்னார் இவ்வாறு சொல்கிறார்' என்று உரைப்பதற்கே அது அமைக்கப்பட்டது எனலாம். மேற்கோள் இன்றி எழுதப்பட்ட கூற்றுகள் அங்கே ஏராளம் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அக்குறை எழுதுவோரைச் சார்ந்தது.

இன்னொன்றும் கவனத்திற்குரியது. 'மதிப்பு இல்லை' என்பதும் 'மதிப்பு தெரியவில்லை' என்பதும் அங்கே வெவ்வேறு குறிகள். எதுவுமே எழுதப்படாமல் விடப்பட்ட கட்டமோ இவ்விரண்டிலும் சேராது; அதைப் பற்றி இதுவரை எவரும் பேசவில்லை என்பதே அதன் பொருள். இது கணினியாளர்களின் நுணுக்கம் மட்டும்தானா? ஒருவரைப் பற்றி ஏட்டில் ஒன்றும் இல்லை என்பதால் அவரிடம் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்வது, நாம் நாள்தோறும் செய்யும் அநீதிகளுள் ஒன்று. வேலை கேட்டு வரும் முதியவரிடம் சான்றிதழைக் கேட்கிறோம். 'இல்லை' என்கிறார். அவர் இல்லை என்றது தாளை. நாம் இல்லை என்று எடுத்துக் கொள்வது அவருடைய நாற்பதாண்டு அறிவை.

எழுதாத சாட்சிகள்

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மேற்கோள் கேட்பது நல்ல விதி. ஆனால் மேற்கோளாக ஏற்கப்படுவது பெரும்பாலும் அச்சேறிய எழுத்தே. தபித்தாவின் கைம்பெண்கள் இன்று ஆடைகளை ஏந்தி வந்தால், அவற்றை எந்தக் கட்டத்தில் வைப்பது?

மஞ்சளின் வழக்கு இதற்கு நல்ல சான்று. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம், அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர் இருவர் உருவாக்கிய புத்தாக்கம் என்று காப்புரிமை வழங்கியது. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு அதை எதிர்த்து வழக்காடி, 1997இல் அந்த உரிமை நீக்கப்படச் செய்தது. வென்றது எப்படி? நம் நாட்டுப் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் சிராய்ப்பின்மேல் மஞ்சள் தடவி வந்ததைச் சொல்லி மட்டும் வெல்ல இயலாது. அமெரிக்கச் சட்டத்தின்படி அந்நாளில் வெளிநாட்டு வழக்கங்கள், அச்சில் வெளிவந்திருந்தால் அல்லது காப்புரிமை பெற்றிருந்தால் மட்டுமே எடுபடும். ஆதலால் பழைய வடமொழி நூற்சான்றும் 1953இல் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையும் முன்வைக்கப்பட்டன. கோடிக்கணக்கான கைகள் அறிந்திருந்தும், தாளில் இருந்ததே சாட்சியாயிற்று.

தனி மனிதரின் திறமைக்கும் இதே நிலைதான். செங்கல்பட்டுப் பகுதியில் வாழும் இருளர்களில் பாம்பு பிடிப்பதில் வல்லவர்கள் உண்டு. மண்ணில் பதிந்த தடம், கழன்று கிடக்கும் சட்டை, எச்சம் இவற்றைக் கண்டு எந்தப் பாம்பு எந்த வளையில் இருக்கிறது என்று அவர்கள் அறிவார்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அவ்வாழ்வை முடித்து வைத்தன. காட்டுயிரைக் காக்கச் சட்டம் தேவைதான். ஆயினும் முந்திய நாள் தொழிலாக இருந்த அதே கைத்திறன் மறுநாள் குற்றமாகிவிட்டது. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு, உயிரோடு மீண்டும் விட்டுவிடுவது அங்கே முறையாயிற்று. பாம்புக்கடிக்கு இந்தியாவில் செய்யப்படும் நஞ்சுமுறி மருந்துக்கு அந்த நஞ்சே பெருமளவில் பயன்படுகிறது.

2017 தொடக்கத்தில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகி, பிற உயிர்களை அழித்துவந்த பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க அந்நாட்டார் திணறிக் கொண்டிருந்தார்கள். முன்பின் பார்த்திராத அந்த மண்ணில், முதல் எட்டு நாள்களில் இவ்விருவரும் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். புளோரிடா பல்கலைக்கழகம் அதை உலகுக்கு அறிவித்தது. 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது. எந்தப் பிரிவில் தெரியுமா? சமூகப் பணி. கலை, இலக்கியம், மருத்துவம், அறிவியல் எனப் பிரித்துவைத்த கட்டங்களுள் தடம் பார்க்கும் அறிவுக்கென்று ஒரு கட்டம் இல்லை.

இன்று அவர்களைப் பற்றி எழுத மேற்கோள்கள் உண்டு. நாளிதழ் உண்டு, அரசாணை உண்டு. ஆனால் 2016இல் அவர்களுடைய அறிவு இதைவிடக் குறைவாகவா இருந்தது? மாறியது அவர்கள் அறிவன்று. எழுதத் தெரிந்த சாட்சிகள் கிடைத்ததுதான் மாற்றம்.

பிறப்பால் எழுதப்பட்டவர்கள்

அப்படியானால் எழுத்தில் இல்லாதோர் அனைவரையும் விரைந்து எழுதிவிடுவோம் என்று தோன்றலாம். அங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இந்நாட்டில் மனிதர்களின் 'தொழிலை' எழுதிய பெரும் பதிவேடு ஒன்று முன்னரே இருந்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், சில சமூகங்களுக்குக் குற்றமே வழிவழித் தொழில் என்று கருதி அவர்களைப் பெயர் பெயராகப் பதிவு செய்ய வழிவகுத்தது. 1911ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்திற்குப் பின் சென்னை மாகாணத்திலும் அது நடைமுறைக்கு வந்தது. ரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது; பலர் மாண்டனர். நாடு விடுதலை அடைந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1952இல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது.

அந்தப் பதிவேட்டின் பிழை என்ன? அது எழுதியது செயலைக் கண்டன்று, பிறப்பைக் கண்டு. எழுதப்பட்டவருக்கு மறுத்துச் சொல்ல வாய்ப்பில்லை. கண்ட சாட்சி எவரும் இல்லை. ஆயினும் தீர்ப்பு இருந்தது.

இப்பிழை மாலையும் மரியாதையுமாக வேறு உருவில் வந்தாலும் பிழையே. 'இருளர் என்றால் பாம்பு பிடிப்பவர்' என்று இன்று புகழ்ச்சியாக ஒருவர் எழுதினால், பாம்பைத் தொட்டறியாத, ஆசிரியராகவோ செவிலியராகவோ ஆக விரும்பும் ஓர் இருளர் சிறுமியின்மீது அவள் தெரிவு செய்யாத தொழிலை ஏற்றிவிடுகிறார். திறமை கற்றுத்தான் வருகிறது. அதைக் குலத்தின்மேல் ஏற்றி எழுதும்போது, கற்றவருடைய உழைப்பும் மறைகிறது. கல்லாதவருடைய விடுதலையும் மறைகிறது. சாதிக்கும் தொழிலுக்கும் முடிச்சுப் போட்டே மனிதரை மதித்த நம் நாட்டில், இதைப் பலமுறை சொன்னாலும் மிகையாகாது.

பதிவு செய்வோரின் கடமை

திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்துதெளிதல்', 'தெரிந்துவினையாடல்' என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. முதலில் ஆளை ஆராய்ந்து தெளிவது. அதன்பின் அவருக்கு ஏற்ற பணியை ஒப்படைப்பது. அந்த வரிசையில் ஓர் அறம் இருக்கிறது. ஆராயாமல் சூட்டும் பெயர், புகழானாலும் பழியானாலும், நீதியாகாது.

ஆகவே, ஒருவருடைய திறமையைப் பொது ஏட்டில் எழுத முன்வருபவர் சாட்சிக்குரிய கடமைகளை ஏற்க வேண்டும். கண்டவர் யார் என்பதைச் சொல்ல வேண்டும். செயலைக் கொண்டு எழுத வேண்டும். பிறப்பைக் கொண்டு எழுதலாகாது. உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதுமுன் அவருடைய இசைவைப் பெற வேண்டும். திறந்த ஏட்டில் ஒருமுறை எழுதியதைப் பின்னர் நீக்கினாலும், அதற்குள் எங்கெங்கோ படியெடுக்கப்பட்டிருக்கும். திரும்ப அழைக்க முடியாது. பேறு பார்க்கும் மூதாட்டி ஒருவர் தம் அறிவைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மனமுவந்து இசையலாம். தம் பெயரும் ஊரும் உலகெங்கும் செல்வதை விரும்பாதிருக்கலாம். அப்போது, அக்கலையை எழுதி, ஆளை எழுதாமல் விடுவதே முறை. புகழப்படுவதற்கு உரிமை இருப்பது போல, அறியப்படாமல் இருக்கவும் மனிதருக்கு உரிமை உண்டு.

எழுத்தறிந்த நமக்கு இன்னுமொரு கடமை உண்டு. மேற்கோள் இல்லை என்று கட்டத்தை வெறுமையாக விட்டுச் செல்வது எளிது. மேற்கோளை உண்டாக்குவது கடினம். உப்பளத்தில் பாத்தி கட்டுபவரிடமும், கட்டுமரம் பிணைத்தவரிடமும், பனையேறிப் பதநீர் இறக்குபவரிடமும் சென்றமர்ந்து, அவர்கள் சொல்வதையும், அவர்களிடம் கற்றவர்களும் அவர்களால் பயன்பெற்றவர்களும் சொல்வதையும் கேட்டு, இன்னார் சொன்னார் என்று பெயரும் நாளும் குறித்து எழுதி அச்சேற்றினால், அது நாளைய மேற்கோளாகும். நம் கல்லூரிகளும் பங்குகளும் இளைஞர் மன்றங்களும் செய்யக்கூடிய வேலை இது. கல்லறைத் திருநாளில் நாம் பூ வைத்து வரும் மேடுகளுள் எத்தனை கலைகள் எழுதப்படாமல் உறங்குகின்றன!

அப்படி எழுதிய பின்னும், எழுதியதே அந்த மனிதர் என்று எண்ணிவிடக் கூடாது. ஏட்டில் எண் 5 என்னும் குறியோடு இணைக்கப்பட்ட ஒருவரைப் பற்றி எத்தனை கூற்றுகளை அடுக்கினாலும், அவர் கையில் உளி பிடிக்கும் அந்த நொடியில் நடப்பது ஏட்டுக்கு வெளியேதான் நடக்கிறது. அதைக் கண்டவர்கள் கண்டோம் என்று சொல்லலாம். அச்சொல் பொய்யின்றி, பிறருக்குத் தீங்கின்றி இருக்குமானால், ஒரு பதிவேட்டிடம் நாம் எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவே. அது போதுமானதும் கூட.